தறி நின்றால் திரும்பும் கழுத்து

தறிச் சட்டத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்ட ஒரு போன். தறி ஆட ஆட அதுவும் ஆடும். திரைக்குள் ஒருவர் கரும்பலகைமுன் நின்று கணக்குப் பதிவியல் நடத்திக்கொண்டிருப்பார். விசைத்தறி இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்காது.

ஒன்பதாவதோடு நின்று, ஊர் ஊராகச் சுற்றி, சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தேன். போன் பக்கத்துத் தறி அக்காவுடையது. பனவடலிசத்திரத்திலிருந்து வருவாள். ஆன்லைனில் பி.காம். படித்தாள். உண்மையில் படித்ததெல்லாம் பஸ்ஸில்தான். ஆனால் வீடியோ ஓடிய நேரத்தைத்தான் கல்லூரி படிப்பென்று கணக்கிட்டது. அதனால் போன் நாள் முழுக்க ஓடியது. “நான் நூத்துக்கு நூறுலே! நீ ஒம்பதாப்புல்லா” என்று, பார்த்த நேரத்தைக் காட்டும் பச்சை வட்டத்தைக் காட்டிச் சிரிப்பாள். நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சிட்டிருந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று. டிகிரியிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

கடைசிப் பரீட்சையும் போனில்தான், கேமரா பார்த்திருக்க. வீட்டில் சிக்னல் நிற்காது. கூடத்தை ஒட்டிய முதலாளியின் கண்ணாடி அறையில் எழுதினாள். அவள் தறிகளை நான் பார்த்துக்கொண்டேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். எத்தனை தறி இரைந்தாலும் தன் தறி நின்றது ஆளுக்குத் தெரியும். கழுத்து தானே திரும்பும். அன்று வந்தது மட்டமான நூல். அறுந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒவ்வொரு முறையும் அக்காவின் தலை திரும்பியது.

பார்த்து எழுதியதாகச் சந்தேகம், தாள் ரத்து என்று கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. விளக்கம் எழுதிப் போட்டாள், பதில் இல்லை.

“ஏன்க்கா திரும்புன?”

“நானா திரும்புனேன்? தறில்லா திருப்புது.”

பிறகொரு நாள் டீ நேரத்தில் கல்லூரியிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்து, படிப்புக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டாள். அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: “அஞ்சே போட்டுக்கோம்மா. கொறஞ்சா ஒன்னையில்லா கேப்பாவ.” படிப்பு பயன் தந்ததென்று அதையும் எங்கோ கூட்டியிருப்பார்கள்.

இப்போது வேறொரு ஊரில், ஒரு விடுதிச் சமையற்கட்டில் இருக்கிறேன். போன வாரம் அக்காவை வீடியோவில் அழைத்தேன். படம் ஆடியது, போன் அதே சட்டத்தில்தான்.

“மறுபடி எழுதப் போறியாக்கா?” என்று கத்தினேன்.

“எழுதணும். இந்தத் தடவ எங்கனயாவது தறிச் சத்தம் இல்லாத...”

இரைச்சலில் ஒரு இழை குறைந்தது. அவள் தலை திரும்பியது. “இரு மக்கா, நின்னுட்டு.”

இங்கே சுவரைப் பார்த்து என் கழுத்தும் திரும்பியிருந்தது.