கோமதி மேடமும் திரும்பி நின்ற வீடும்

கடந்த ஞாயிறு காலை நம் வரைபடப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஓய்வுபெற்றபின் குள்ளஞ்சாவடியில் மகளோடு இருந்த கோமதி மேடம் உறக்கத்திலேயே போய்விட்டார். படித்துச் சொன்னதும் என் மனைவி சரளா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சுரங்க வரைபடங்களை அவர் எவ்வளவு சுத்தமாக வரைவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் கம்பெனி நகரியம் அவரைத் தேடியது வேறொன்றுக்காக. சோபா வாங்கவும் திரைச்சீலைக்கு நிறம் பார்க்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வரிசையில் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அளவு. அதனால் யார் கூப்பிட்டாலும் முதலில் தன் வீட்டுச் சாமான்களை இழுத்துப் போட்டு ஒத்திகை பார்ப்பார். ஷிப்ட் முடிந்து வரும் அவர் வீட்டுக்காரர் கட்டிலைத் தேடி அலைவதாக நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்.

நான் அவருக்கு அடுத்த வீடு. நடுவே ஒரே சுவர். கம்பெனி வீட்டுக்கு எதற்குச் செலவு என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு நான்கு வருடம் ஓட்டிய கஞ்சன் நான். அட்டைப்பெட்டிகளைக்கூடப் பிரிக்க விடவில்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளையோடு திருநெல்வேலிக்குப் போன சரளா, "அந்தக் குடோனுக்கு இனி நான் வரமாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். பதறிப்போய் மேடத்திடம் ஓடினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை.

"ரிட்டயர் ஆனப்புறந்தான் குடித்தனம் பண்ணப் போறீங்களா சார்? வூடு கம்பெனியோடதுதான். அதுல போற நாளு உங்களோடதில்லீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒருமுறை வந்து பார், பிடிக்காவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கெஞ்சிச் சரளாவை வரவழைத்தேன். அதற்குள் மேடம் தன் வீட்டில் ஒத்திகை முடித்து, வடலூரில் எல் வடிவச் சோபா ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். சரளா வந்து இறங்கிய காலையில்தான் அதுவும் வந்தது. அளவெல்லாம் சரி. ஆனால் ஒட்டியிருந்த எங்கள் இரண்டு வீடுகளும் இடம் வலமாக மாற்றிக் கட்டப்பட்டவை. சோபாவின் நீண்ட கை எங்கள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"அடுக்களைக்கு இதைத் தாண்டிக் குதிச்சா போவணும்?" என்றாள் சரளா.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க வூட்டையே நெனச்சிக்கினு இருந்துட்டேங்க. உங்க வூடு திரும்பிக்கினு இல்ல நிக்குது."

சரளா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சோபாவைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்ட மேடம், தன் தேக்கு நாற்காலிகளை எங்களுக்குத் தந்தார். அளவு டேப்பைச் சரளாவின் கையில் கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க. இருக்கப் போறது நீங்க."

திரைச்சீலைக்கு மேடம் சொன்னது சாம்பல் நிறம். "வெளியே பார்த்தாலும் பவர்ஹவுஸ் சாம்பல், உள்ளேயுமா அக்கா?" என்று சரளா கிளிப்பச்சையைக் கேட்டாள். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. உதட்டைச் சுழித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். சரளா ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

எட்டு மாதத்தில் நானும் ஓய்வுபெறுகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நேற்று சரளா ஜன்னலருகே நின்று, "காலி பண்ற வீடுதான். இருந்தாலும் ஹாலுக்கு மாம்பழ மஞ்சள் பெயிண்ட் அடிச்சா நல்லா இருக்கும்" என்றாள். எட்டு மாதத்துக்கா என்று நான் கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தேன். கோமதி மேடத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இவ்வளவுதான்.