மெலிந்த மீன்களின் தொட்டி

ஆறாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவன் நான். மலேசியாவில், ஆயர் தாவார் ஊருக்கு அப்பால் கடலோரச் சேற்றில் பன்னிரண்டு தொட்டிகள் கட்டினேன். முடியாது என்று சொன்னவர்களுக்கே சியாக்காப் என்னும் கொடுவா மீன் விற்றேன்.

அவற்றில் ஆறு தொட்டிகளைக் கேட்டு ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தார். ஒல்லி உருவம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தீவனத்தில் லைசின் என்ற ஒரே சத்தை ஒன்றாம் தொட்டியில் மிகக் குறைவாக வைத்து, தொட்டிக்குத் தொட்டி கூட்டி, மீனுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்தார். மீன் தின்னாமல் விட்டதை ஒவ்வொரு வேளையும் பொறுக்கிக் காயவைத்து நிறுப்பார்.

ஒருநாள் கேட்டார்: "அங்கிள், ஒன்னாம் தொட்டி மீனு தீவனத்த மிச்சம் வைக்குது, ஆனா எடை கூடுது. என்னா போட்டீங்க?"

"பொடி மீன வெட்டிப் போட்டேன்லா. என் தொட்டியில நோஞ்சான் மீனா? பாக்குறவன் சிரிப்பான்!"

"அது மெலிஞ்சாத்தான் அங்கிள், எவ்வளவு பத்தலைனு தெரியும். ரெண்டு மாச வேலை போச்சு."

திட்டவில்லை. புது மீன் விட்டு முதலிலிருந்து தொடங்கி, அளவைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் போனார். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவர் எழுதப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் வர வேண்டும். தொட்டி கட்டியதை விட்டாலும் போகட்டும். இரண்டாம் முறை அந்த மீன்கள் மெலிவதைப் பார்த்தும் ஒன்றும் போடாமல் நின்றேனே, அதை எழுதியே ஆக வேண்டும்.