கடல்காரன் ஊருக்குக் கிளம்பிய வாரம்

அவனுக்கு அக்காளைவிட மீன் பெரிதாகிவிட்டது என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். யார் சொல்வது? எதிர்வீட்டு மாடியம்மா. அவள் பார்த்ததெல்லாம் சன்னல் வழியாகத்தான். ஒரு மனிதன் வீட்டைப் பூட்டுவதும், தெருமுனை வரை போவதும், திரும்ப ஓடி வந்து திறப்பதும் கண்ணில் பட்டால் போதாதா, மீதியை வாய் தானே கட்டிக்கொள்ளும். கதவுக்கு உள்ளே அவன் பட்ட பாட்டை எந்த மகராசி வந்து பார்த்தாள்?

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், கல்யாணம் ஆகவில்லை. தெருவில் கடல்காரன் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். முன்னறையில் சோபா போட வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், பாறை, பவளம், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு, எந்நேரமும் யாரிடமோ கோபித்துக்கொண்டது போலப் பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு இறால். தொட்டி வந்த நாளிலிருந்து அவன் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. அது உண்மைதான். அதை யார் இல்லை என்றார்கள்?

ஆனால் வெளியூரில் இருக்கும் அக்காளுக்கு இதய வால்வை மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. தாய் போனபின் இவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். ஆபரேஷன் என்றதும் ஒரே பிடியாக நின்றாள்.

"நீ வந்து பக்கத்துல நின்னாதான் கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா என்னை யாரும் தொடக் கூடாது," என்று போனில் சொல்லிவிட்டாள். "முதல்ல உன் மீனுங்ககிட்ட லீவு கேட்டுக்க."

"கேட்டாச்சுக்கா. ரெண்டு வாரம் குடுத்திருக்குதுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். போனை வைத்ததும் போய்த் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

உப்புத் தொட்டியை மற்ற தொட்டிகள் மாதிரி நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அப்படியே விட்டால் உப்பு ஏறிக்கொண்டே வரும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஒரு வாளி, ஒரு சின்ன மோட்டார், ஒரு மிதவை இவற்றை வைத்து, மட்டம் இறங்கினால் தானாக ஓடி, ஏறினால் தானாக நிற்கும்படி செய்துவிட்டான். செய்தவனுக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. லிஃப்டைப் பழுது பார்த்தால் முதலில் தானே ஏறி மேலும் கீழும் போய் வந்த பிறகுதான் அடுத்தவரை ஏற விடுவான். அது அவன் தொழில் வழக்கம். தான் இல்லாத வீட்டுக்குள் தானே ஏறிப் பார்ப்பது எப்படி? அதனால்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தான். உட்கார முடிந்தால்தானே. வாளி கவிழ்ந்திருக்குமோ, மிதவை சிக்கிக்கொண்டிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். எழுந்து ஓடி வருவான். எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும்.

மாடியம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். "என்ன தம்பி, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரா? எப்பப் பாத்தாலும் வாசல்லயே நிக்கறீங்க."

"இல்லம்மா. ஊருக்குப் போய்ப் பழகிட்டிருக்கேன்."

உள்ளதைத்தான் சொன்னான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தவன் கீழ்வீட்டு ஸ்கூல் வேன் டிரைவர். அவனைக் கூட்டி வந்து, நாளுக்கு ஒன்றாக மடித்து வைத்த தீனிப் பொட்டலங்களைக் கையில் கொடுத்தான். அவன் ஒன்றைப் பிரித்து முகர்ந்தான்.

"ஒரு நாளைக்கு இவ்வளவுதானாண்ணே? எறும்புகூட ஏமாந்துபோகும்."

"அவ்வளவுதான். கண்ணாடிகிட்ட வந்து வாயை வாயைத் திறக்கும். நம்பிடாதே."

"என் வேன் பசங்களும் அப்படித்தான். ஏறும்போதே பசிக்குதும்பாங்க."

"ஏதாவது மாதிரியா இருந்தா எனக்குப் போன் பண்ணு. நீயா ஒண்ணும் பண்ணாதே."

"அழுதா எப்படிண்ணே கண்டுபிடிக்கறது? தண்ணிக்குள்ளல்ல இருக்குதுங்க?"

கடல்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவன் கையில் ஒப்படைக்கும் முன் எதையும் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தே பழகிய கை அவனுடையது. கிளம்புவதற்கு முதல் நாள் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றினான். பஞ்சையெல்லாம் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினான். பாறைகளை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்தான். புதுசு போல மாட்டி வைத்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டான்.

விடிந்து பார்த்தால் தண்ணீர் பால் கலந்தது போல இருக்கிறது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. அவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. லிஃப்டில் அழுக்கு என்றால் கோளாறு. தொட்டியில் பஞ்சிலும் பாறையிலும் படிந்திருந்த அந்த வழுவழுப்புதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காத்துக்கொண்டிருந்தது. தெரியாதவன் இல்லை அவன். மனசு ஓரிடத்தில் நில்லாதபோது தெரிந்தது எங்கே கைக்கு வருகிறது?

பஸ் மதியம். அக்காளை மறுநாள் காலையில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அவன் போனை எடுத்தான்.

"அக்கா, தொட்டி கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்துட்டேன். ஒரு நாள் மட்டும்..."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"அய்யோ, பாவம்டா அதுங்க. நீ இருந்து பாரு. எனக்கென்ன அவசரம்? டாக்டர்கிட்ட அடுத்த மாசம்னு சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்." அவள் குரலில் அப்படி ஒரு சுறுசுறுப்பு. பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட பிள்ளையின் குரல்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது அவன் மட்டும் இல்லை. அவளுக்குத் தப்பிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை இவனே கையில் எடுத்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறான். இன்று தள்ளினால் அடுத்த மாதம் வேறொன்று வரும். இவன் போய் நிற்காமல் அந்தக் கையெழுத்து விழாது.

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. நான் கிளம்பிட்டேன்," என்றான்.

"மீனு?"

"மீனுங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ பேசாம இரு."

உப்புக் கரைத்துத் தயாராக வைத்திருந்த தண்ணீரை எடுத்துப் பாதித் தொட்டியை மாற்றினான். காற்று மோட்டார் ஒன்றைக் கூடுதலாகப் போட்டான். கூப்பிட்ட குரலுக்கு வேன் டிரைவர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.

"ரெண்டு நாளைக்குத் தீனி போடாதே. இன்னும் ரெண்டு டிரம்முல உப்புத் தண்ணி கரைச்சு வச்சிருக்கேன். நாளைக்குப் பாதி, நாளன்னைக்குப் பாதி மாத்து."

"பொழைக்குமாண்ணே?"

"தெரியாது."

"செத்துட்டா என்னைத் திட்டக் கூடாது."

"உன்னை எதுக்குடா திட்டப்போறேன்."

தண்ணீர் இன்னும் தெளியவில்லை. ஒரு மீன் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மற்றது மேலேயே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரம் நின்றால் அதுவும் இறங்கிவிடும் போலத்தான் இருந்தது. அவன் நிற்கவில்லை. சாவியை டிரைவர் கையில் வைத்து அழுத்தினான். பையை எடுத்தான். முழங்கை வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்து தோலை இழுத்தது. கழுவப் போனால் தொட்டியைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போக வேண்டும். அப்படியே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு படியிறங்கினான்.