உப்பு தின்ற பூட்ஸும் கலா பார்க்காத கஞ்சன்ஜங்காவும்

இமயமலையில் நடைப்பயணம் போக நினைக்கும் உப்பளத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் என்னைத் திட்டிவிட்டுப் பிறகு படியுங்கள். மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம். மழை பிடித்துப் பாத்திகள் முழுகினால்தான் எங்களுக்கு லீவு. அதனால் 2006 தீபாவளி முடிந்ததும் கிளம்பினோம். அந்த நேரத்தில் டார்ஜிலிங் பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்று இணையத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். நன்றாக எழுதினார்கள், போங்கள்.

ஆசை என் மனைவி கலாவுடையது. "நாப்பது வருஷமா இந்தச் சமதரையையே பாத்துக்கினு இருக்கேன். ஒரு பனிமலையையாவது என் கால்ல நடந்து போய்ப் பாக்கணும்" என்றாள். டார்ஜிலிங் பக்கத்துச் சந்தக்ஃபூ மலையைத் தேர்ந்தெடுத்தோம். அடிவாரத்தில் மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து 31 கி.மீ. ஏற்றம், மூன்று நாள். பன்னிரண்டாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. உச்சியில் நின்றால் கஞ்சன்ஜங்கா எதிரிலேயே தெரியுமாம். எங்கள் ஊரில் ஏறிப் பழக உப்புக் குவியலைத் தவிர மேடே கிடையாது. ஏழு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வழியாக அறுபது கி.மீ. பஸ்ஸில் போய்ச் செஞ்சிக்கோட்டை ஏறினோம். கலா ஒரு தடவைகூட நடுவில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்ததை எண்ணவில்லை.

பூட்ஸ் பாண்டிச்சேரியில் வாங்கியது, ஜோடி 1,150 ரூபாய். ஒரு மாதம் போட்டுப் பழகச் சொன்னார் கடைக்காரர். கலா தார் ரோட்டில் நடந்து பழகினாள். நான் பெரிய புத்திசாலி! தினமும் அதை மாட்டிக்கொண்டு உப்பள வரப்பில் நடந்தேன்.

"உப்புத் தண்ணியில பூட்ஸாங்க? வெளங்குனாப்லதான்!" என்றாள் கலா.

"கம்முனு இரு. உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். சைக்கிள், மோட்டார், கதவுக் கீல் என்று எல்லாவற்றையும் உப்பு தின்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் நான். பூட்ஸை மட்டும் விட்டுவைக்கும் என்று எப்படி நினைத்தேனோ!

சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ஸ்லீப்பர் 486 ரூபாய், ரயிலில் இரண்டு இரவு. அங்கிருந்து டார்ஜிலிங்குக்கு ஷேர் ஜீப், 90 ரூபாய், மூன்றரை மணி நேரம். மறுநாள் காலை 26 கி.மீ. தள்ளி மானேபஞ்சாங். வழிகாட்டி பசந்துக்கு நாளைக்கு 350 ரூபாய். 8:10க்கு நடக்க ஆரம்பித்தோம். 8:50க்கு என் வலது பூட்ஸின் அடிப்பாகம் பிளந்தது. பத்து நிமிஷத்தில் இடதும் போச்சு. பசந்த் சிரிப்பை அடக்கிக்கொண்டு "ஜூத்தா கதம்" என்றார். பூட்ஸ் காலி என்கிறார் என்று இந்தி தெரியாத எனக்கே புரிந்தது. கயிறு கட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. கீழே மானேபஞ்சாங் கடையில் ஏழாம் நம்பருக்கு மேல் ஷூ கிடையாதாம். என் கால் பத்து.

"வா கலா, திரும்பிடலாம். டார்ஜிலிங்ல இருந்தே ஜீப்புல போய் மலையப் பாத்துக்கலாம்."

"நீங்க போங்க. நான் நடக்கிறேன்."

"தனியாவா?"

"பசந்த் தம்பி இருக்காரே. இன்னும் நாலு பேரு போறாங்க."

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிவிட்டாள். வந்த ஆத்திரத்தில் பூட்ஸைப் பள்ளத்தில் வீசியிருப்பேன். இறங்கிப் போக வேறு செருப்பு இல்லை.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு டார்ஜிலிங்கிலிருந்து டைகர் ஹில் போனேன். 11 கி.மீ., ஷேர் ஜீப் 70 ரூபாய். முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவில் வாங்கிய ரப்பர் செருப்போடு, டீ குடித்துக்கொண்டே கஞ்சன்ஜங்காவை முழுசாகப் பார்த்தேன். முதலில் ரோஜா நிறம், அப்புறம் தங்கம். அப்படி ஓர் அழகு! பக்கத்தில் கலாதான் இல்லை. அன்று மத்தியானமே மேகம் கவிந்துவிட்டது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலையாம். எங்கள் ஊர் மழை டிக்கெட் எடுக்காமல் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது! நான்கு நாள் விடவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கலா வந்தாள். முழங்கால் வரை சேறு, உதடெல்லாம் வெடிப்பு.

"உச்சியில இன்னா தெரிஞ்சுது?"

"பசந்த்தோட முதுகு."

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை பார்த்தால் வானம் பளிச்சென்று வெளுத்திருக்கிறது. ஹோட்டல் மாடியிலிருந்து அறைக்கு ஓடினேன். "கலா, எழுந்திரு! ஜன்னல்லயே தெரியுது!"

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "நடந்து போனப்ப மூஞ்சியக் காட்டல. இப்ப கட்டில்ல குந்திக்கினு பாக்கணுமா? ஜன்னல சாத்துங்க." அவள் கண் கலங்கியிருந்தது. சாத்தினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சிகரம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு டைகர் ஹில் போதும். ஹோட்டல் மாடிக்குக் காசே இல்லை. சந்தக்ஃபூ உச்சி வரைக்கும் பழைய ஜீப்புகள் போகின்றனவாம், இதை ஒருத்தரும் எனக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. நடந்துதான் பார்ப்பேன் என்பவர்கள் உச்சியில் இரண்டு நாளாவது கூடுதலாக வையுங்கள். நாங்கள் ஒரே ஒரு இரவுதான் வைத்தோம்.

போன வாரம் கலா மறுபடியும் ரயில் நேரம் பார்க்கச் சொன்னாள். அடுத்த அக்டோபருக்கு எத்தனை டிக்கெட் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணு. நீங்கதான் பாத்துட்டீங்களே" என்றாள்.