தெரியாத அங்கிள்

என் மகளை வயலின் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் அந்த இடத்தை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை கிளம்பியபோது என் மனைவி, "வகுப்புல சேக்கப் போறீங்களா, இல்ல கட்டடத்த வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள். இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி அது. வயலின் சார் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பார். பத்து வயதுப் பெண் சிறிய அறையில் ஆசிரியரோடு தனியாக இருப்பாள். ஏர்கான் ஓடுவதால் கதவு சாத்தியிருக்கும். என்னை அரித்தது அதுதான். கதவு திறந்திருக்க வேண்டும், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்று சாரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். நான் பாதி சொல்வதற்குள் அவர், "அது எனக்கும் நல்லதுதான் சார். திறந்தே வைப்போம். வேர்க்கும், அவ்வளவுதான்," என்று முடித்துவிட்டார். மிச்சப் பேச்சு வீணாகக் கூடாதே என்று, திரும்பும்போது அதை மகளிடம் முழுசாகச் சொன்னேன்.

கதவு திறந்ததில் இன்னொரு விளைவு இருந்தது. என் மகளின் வயலின் அப்போது வால் மிதிபட்ட பூனை போலத்தான் சத்தமிடும். தன் மகனை செராஸிலிருந்து கூட்டிவரும் ஒரு ஆன்டி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு பாதுகாப்பா இருக்கா, சரி. எங்க காதுக்கு யாரு பாதுகாப்பு?" என்பார்.

நான் அதற்கெல்லாம் அசரவில்லை. வழியில் ஜாமில் நிற்கும்போதெல்லாம் மகளுக்குப் பயிற்சி.

"தெரியாத ஆளு கூப்பிட்டா?"

"போக மாட்டேன்."

"தெரியாத ஆளு ஏதாச்சும் குடுத்தா?"

"வாங்க மாட்டேன்."

பதில்கள் பிசகியதே இல்லை. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கீழே யாரோ ஹார்னை விடாமல் அடித்தார்கள். எட்டிப் பார்த்தால், வழியை மறித்து நின்றது என் கார்தான். அடுத்தவர் கார் கோணலாக நின்றாலே அரைமணி நேரம் உபதேசம் செய்கிறவன் நான். ஓடிப்போய் எடுத்தேன். ஒருவழிச் சாலைகளில் சுற்றிச் சுற்றி இடம் பிடித்து மாடியேறியபோது பாடம் முடிந்து, பெஞ்சு காலியாக இருந்தது. சார் அடுத்த பையனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "வெளியதானே சார் உட்கார்ந்திருந்தா?" என்று அவரும் எழுந்து வந்தார்.

பக்கத்து அறையின் கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திறந்தேன்.

உள்ளே ஏர்கான் குளிரில் என் மகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். எதிரே மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர், வாரைத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"வாங்க, வாங்க! பாப்பா வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்துச்சு. நான்தான் உள்ள வான்னு கூப்பிட்டேன்."

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்னிடம் எவ்வளவோ இருந்தன. "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்றேன். அவர் நீட்டிய முறுக்கையும் வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறிய பிறகுதான் எனக்கு வீரம் வந்தது.

"தெரியாத ஆளு கூப்பிட்டா போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அவரு தெரியாத ஆளு இல்லப்பா. அங்கிள்."

"எந்த அங்கிள்? பேரு என்ன?"

"அங்கிள் லா! நீங்கதானே மொத நாளே, அங்கிளுக்கு வணக்கம் சொல்லுன்னீங்க."

சொன்னேன்தான். அவரை மட்டுமா? வடைக் கடைக்காரர், லோரி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர், பாசார் சந்தையில் மீன் வெட்டுகிறவர் என எல்லாரையும் அவளுக்கு அங்கிளாக்கிவைத்தவன் நான். இந்த ஊரில் அவளுக்குத் தெரியாத ஆள் என்று ஒருவர்கூட மிச்சமில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடம், இல்லாத ஆளுக்குப் போட்ட பூட்டு.

"சரி, இனிமே ஆளப் பாக்காத. அங்கிளோ சாரோ, யாரா இருந்தாலும் கதவ சாத்திக்கிட்டுத் தனியா இருக்கக்கூடாது. கூப்பிட்டா வேணாம்னு சொல்லு."

அவள் யோசித்தாள். "பெரியவங்ககிட்ட எப்படிப்பா வேணாம்னு சொல்றது? மரியாத தெரியாத புள்ளன்னு நீங்களே திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த வாரம் எங்கள் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தோம். மிருதங்கக்காரர் கதவைத் திறந்து, "பாப்பா, வேர்க்குது பாரு. உள்ள வந்து உட்காரு," என்று சிரித்தார். மகள் என்னைப் பார்த்தாள். அப்போது என் வாய், என்னைக் கேட்காமலே, "அங்கிள் கூப்பிடுறாருல்ல, போ..." என்றது.

மகள் போகவில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "வேணாம் அங்கிள். இங்கயே இருக்கேன்," என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

அவர் முகம் வாடியது. "ஏன், அங்கிளப் பிடிக்கலயா?"

தப்பாக நினைக்காதீங்கண்ணே, சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்கிறாள் என்று மன்னிப்புகள் என் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. அவற்றில் ஒன்று வெளியே வந்தாலும், அவள் இனி யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. விழுங்கினேன்.

"அவ வேணாங்குறாண்ணே," என்றேன். என் குரலும் அவள் குரலைவிடப் பெரிதாக இல்லை.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சரி," என்று உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"நல்லா வளக்குறீங்க," என்றார் பெஞ்சில் பக்கத்திலிருந்த செராஸ் ஆன்டி. பாராட்டு இல்லை என்பதை அவர் மூக்கு சொன்னது.

மகள் என் காதருகே எம்பினாள். "அப்பா, நீங்க போன்னு சொன்னீங்க."

"பாதிதான் சொன்னேன்."

"'போ'வுல பாதி ஏதுப்பா?"