கத்திச் சொல்லச் சொன்னேன்

நான் யாரிடமும் குரல் உயர்த்தாதவன். ஆனாலும் ஒருவரை ஊர் பார்க்கத் தலைகுனிய வைத்திருக்கிறேன்.

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து முருகேசன், நான் நிற்பதைப் பார்க்காமல், கிளி விரட்டும் வெடியை என் தலைக்கருகே வெடித்துவிட்டார். அன்றிலிருந்து என் காதுக்குள் ஒரு விசில். பஸ் ஹாரன், தட்டு விழும் சத்தம், எது கேட்டாலும் அதுவும் சேர்ந்து ஏறும். தேனி டாக்டர், "காதுல பஞ்சு வைக்காதீங்க. மெல்லிய சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டுப் பழகுங்க" என்றார். நான் கேட்கவில்லை; பஞ்சு வைத்துக்கொண்டேதான் திரிந்தேன். முருகேசனைப் பழிவாங்குவதிலேயே என் நினைப்பு இருந்தது.

ஒருநாள் சின்னமனூர் டீக்கடைக்கு அவரே வந்தார். "தப்புத்தாண்ணே. மன்னிச்சுக்கங்க."

"கேக்கலப்பா. சத்தமாச் சொல்லு."

அவர் கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏலே முருகேசா, கம்பம் டவுனு வரைக்கும் கேட்டுருச்சுடா!" என்று ஒருவர் சிரித்தார். முருகேசன் முகம் கறுத்தது. எனக்கு இனித்தது. ஆனால் அவர் கத்தக் கத்த விசில் மண்டையைத் துளைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் சத்தமா" என்றேன்.

நான் பல்லைக் கடிப்பதை அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ சொன்னார். என்னவென்று தெரிந்துகொள்ளப் பஞ்சை எடுத்தேன்.

"சத்தம் வலிக்குதுல்லண்ணே? டீயக் குடிங்க, ஆறுது."

விசில் ஏறவில்லை.

இப்போது தினமும் வந்து மெதுவாகப் பேசிவிட்டுப் போகிறார். விசிலும் பாதி அடங்கிவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வராமல் இருந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.