சுழிக்காரரின் பின்மண்டை

நோயில் தலைமுடி முழுவதும் கொட்டிப்போன ஒருவர், மாதம் தவறாமல் அந்த முடிதிருத்தும் கடைக்கு வருவார். கடைக்காரர் அவரையும் மற்றவர்களைப் போலவே நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, தண்ணீர் தெளித்து, காதோரம் வெறும் காற்றில் கத்தரியை ஓட்டுவார். நடுநடுவே சீப்பை உதறுவார். கடைசியில் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து, "போதுமா, இன்னும் கொஞ்சம் எடுக்கவா?" என்பார்.

"போதும்ணே, இதுவே அளவு."

இரண்டு பேருமே சிரிக்க மாட்டார்கள். அந்த மனிதர் வரும்போது குனிந்து வருவார், போகும்போது நிமிர்ந்து போவார்.

பெஞ்சில் காத்திருந்த லிஃப்ட் மெக்கானிக் இதை ஒருநாள் பார்த்தான். கடைக்காரர் தங்கமான மனுஷர், கேட்டதும் பெண்ணைக் கொடுத்துவிடுவார் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டான். எதிர்ச்சாரி மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மகளும் அவனும் ஏற்கெனவே பேசிப் பழகி மனம் ஒத்திருந்தார்கள். கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த முறை முடிவெட்ட உட்கார்ந்தபோது, வழக்கமாக "அண்ணே" என்பவன், தொண்டையைச் செருமிக்கொண்டு "மாமா" என்றான்.

கத்தரி நின்றது. கடைக்காரர் அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வருஷக்கணக்கில் அவர் வெட்டிய தலைதான். ஆனால் அன்றைக்குத்தான் அதில் இரண்டு சுழி இருப்பது அவர் கண்ணில் உறுத்தியது.

"ரெட்டைச் சுழி! சொன்ன சொல்லுல நிக்காத தலை இது. எந்திரிப்பா."

"மாமா, பாதிதானே வெட்டியிருக்கு?"

"மீதியையும் வெட்டறேன். ஆனா மாமாங்கிற பேச்சு வேண்டாம்."

தெருவே அவரைச் சுழிக்காரர் என்றுதான் கூப்பிடும். மண்டைச் சுழியைப் பார்த்தே மனுஷனை எடைபோட்டுவிடுவேன் என்பார். சொன்னது பலித்தால் பத்து பேரிடம் சொல்லுவார். பலிக்காததைக் கீழே விழுந்த முடியோடு கூட்டித் தள்ளிவிடுவார்.

வீட்டில் மகள் மடக்கிப் பார்த்தாள். "தபால்காரர் மாமாவுக்கும் ரெட்டைச் சுழிதானேப்பா? அவர் சொக்கத்தங்கம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அவருக்கு ஒண்ணரைச் சுழிம்மா. அரை கணக்குல வராது."

மெக்கானிக் விடவில்லை. வேலை முடிந்து வந்து, பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டுத் தாமதமாக வந்தால், "பார்த்தீங்களா, நேரங்காலம் தெரியாதவன்" என்பார். நேரத்துக்கு வந்தால், "நடிக்கிறான்." முன்கூட்டியே வந்துவிட்டால், "பொறுமையே கிடையாது." அவன் எத்தனை மணிக்குத்தான் வர வேண்டும் என்று கடவுளுக்கே தெரிந்திருக்காது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார் மனுஷர்.

இதற்கிடையில் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. கூட வருகிறாயா என்று கேட்டதற்கு அவர் மகள், "அப்பா வாயால சரின்னு சொல்லணும். இல்லேன்னா வேண்டாம், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனும் வற்புறுத்தவில்லை.

ஊருக்குக் கிளம்பும் காலையில், போய்வருகிறேன் என்று சொல்லக் கடைக்கு வந்தான். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. பையோடு குனிந்து உள்ளே நுழைந்தான். கடை நாற்காலியில் சுழிக்காரரே துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முடிவெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தலையில் கத்தரி வைப்பது அவள் ஒருத்திதான். வெட்டி முடித்துக் கண்ணாடியை எடுத்தால், "உன் கைமேல நம்பிக்கை இருக்கு, கண்ணாடி எதுக்கு?" என்று எழுந்துவிடுவார்.

"கிளம்பறேன்..." என்று இழுத்தான். அண்ணே என்பதா, மாமா என்பதா என்று தெரியவில்லை.

"நல்லா இருப்பா. உன் மேல எனக்குக் கோபமில்ல. சுழி அப்படி."

அந்த அம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள். "ஏங்க, உங்க தலையில எத்தனை சுழி?"

"ஒண்ணு."

"பார்த்திருக்கீங்களா?"

"என் தலை எனக்குத் தெரியாதா?"

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப்பானையில விழுமாம் துள்ளி! நேரா பாருங்க." கைக்கண்ணாடியை எடுத்து அவர் பின்னால் பிடித்தாள்.

எத்தனையோ பேருக்கு அவர் பிடித்துக் காட்டிய கண்ணாடி. அதில் அவர் பின்மண்டை தெரிந்தது. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. நரைத்த முடியில் இரண்டு சுழியும் பளிச்சென்று இருந்தன.

"கண்ணாடியில கீறல் இருக்கு" என்றார். பிறகு, "வலதுபக்கம் இருக்கிறது அரைச் சுழி" என்றார். அவள் கண்ணாடியை எடுக்கவே இல்லை.

அடங்கின குரலில் கேட்டார். "ஏம்மா, இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களையே கடைக்குள்ள சேர்த்திருக்க மாட்டீங்க. நீங்க சொன்ன சொல்லுல நிக்கிற மனுஷன்தான்னு எனக்குத் தெரியும். மக ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அதான் இன்னைக்குக் காட்டினேன்."

பிறர் தலையையெல்லாம் பார்க்கக் கண்ணைக் கொடுத்த ஆண்டவன், தன் பின்மண்டையைப் பார்க்க மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தர் வேண்டியிருக்கிறது.

சுழிக்காரர் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினார். நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "வந்து உட்காருங்க மாப்ள. கல்யாணத் தலையோட இப்படியா ஊருக்குப் போறது?"

மெக்கானிக்கும் ஒன்று தெரிந்துகொண்டான். காற்றில் கத்தரி ஓட்டியவரும் அவர்தான், சுழியைக் காட்டி விரட்டியவரும் அவர்தான். ஒரு நாளை வைத்து அவன் போட்ட கணக்கிலும் பாதிதான் சரி.

அதற்குப் பிறகு அவர் சுழி பார்ப்பதை விட்டுவிட்டார். விட்ட கையோடு காதுமடல் பார்க்க ஆரம்பித்தார். ஆனால் சொல்லிவிட்டு, "எனக்குத் தெரிஞ்சவரைக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்.

வருஷங்கள் ஓடின. மகளும் மருமகனும் வந்துபோன கடைசி முறை, வழியனுப்பப் பேருந்து நிலையம்வரை நடந்து வந்தார். நடை தளர்ந்திருந்தது. அடுத்த முறை அவர்கள் வந்தபோது அவர் இல்லை.

அந்தக் கடைசி வழியனுப்பலில், மருமகன் படியேறும்போது அவன் பின்மண்டையில் கை வைத்து, பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"பின்னாடி முடி கோணலா வளர்ந்திருக்கு மாப்ள. உங்களால பார்க்க முடியாது. எம்பொண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. அவ சொன்னா நம்புங்க."